வெள்ளிக்கிழமைச் சீசா

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். உன் அத்தானும் சுகம் என்று எழுத ஆசைதான், எழுதினால் பொய்யாகிவிடும். அங்கே குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? வயிறு எப்படி இருக்கிறது? உன் வயிற்றை விசாரிக்காமல் எனக்குக் கடிதம் ஓடாது.

அத்தானின் கை ஆறவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து நீர் கசிகிறது. காய்கிறது, மறுபடி வெடிக்கிறது. முழங்காலுக்குக் கீழேயும் அதே கதைதான். தும்மினால் மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் களிம்பு டப்பாவைத் திறந்துகொண்டு உட்காருவேன். அவர் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டுவார். அந்த மூடியைத் திருகக்கூட அவருக்கு விரல் மடங்காது. களிம்பின் நாற்றம் எனக்குக் குடலைப் பிரட்டும், ஆனாலும் முகம் சுளிக்காமல் தடவப் பழகிவிட்டேன்.

இப்போது விஷயம். தோல் ஆலையின் கழிவு வாய்க்காலில் இறங்கித் தூர் வாரிய பதினொரு பேரும், அத்தானையும் சேர்த்து, மனு கொடுத்தோம் அல்லவா, அதற்கு ஆலைக்காரர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். வாய்க்கால் தண்ணீர் சுத்தமாம். நீ அங்கே லேபில் வேலை பார்த்த ஆறு வருஷமும் வெள்ளிக்கிழமைதோறும் சோதித்த ரிஜிஸ்டர் இருக்கிறதாம். ஒரு பக்கத்தை நகல் எடுத்து அனுப்பியும் இருக்கிறார்கள். கீழே உன் கையெழுத்து மணி மணியாக இருக்கிறது. உன் கையைப் பிடித்து அதை எழுதப் பழக்கியவள் நான்தான்.

ஜூலையில் விசாரணை அதிகாரி வருகிறார். இது வேலையால் வந்த நோய்தான் என்று அவர் எழுதினால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் கடைசிவரை இந்த டப்பாதான். நீ மூன்று வரி எழுதினால் போதும். லேபுக்குச் சீசாவில் போன தண்ணீர் கழிவு விழும் இடத்தில் எடுத்ததில்லை, பாலத்துக்கு மேலே கழிவு கலக்காத படித்துறையில் எடுத்தது என்று. நானே ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லை.

ஒரு சந்தோஷச் செய்தி. என்னோடு வேலை செய்யும் ஒரு தோழியைப் பற்றி முன்பே ஒரு வரி எழுதியிருந்தேன். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறோம். நான் பிறந்து வளர்ந்த ஊரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஏப்ரல் கடைசியில் நான்கு நாள் வருகிறோம். ஆற்றைப் பற்றி நான் நிறையச் சொல்லியிருக்கிறேன், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம் என்று.

அதனால் சில சின்ன விஷயங்கள். வாசல் பக்கத்துச் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டால் நன்றாயிருக்கும். பின்பக்க ஜன்னலை அந்த நான்கு நாளும் திறக்கவேண்டாம், காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். குளியலறை வாளியை மாற்றிவிடு. அத்தான் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடாமல் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ சாப்பிட்டால் அவருக்கும் சௌகரியம். நீ தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும்.

மற்றவற்றை நேரில் பேசலாம்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நீயும் இருப்பாய்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் நான் அனுப்பிய தாள் உள்ளே எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இரண்டாம் தரம் அதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடினேன். வாளி இருந்தது.

வெள்ளை அடிக்கிறேன். வாளியை மாற்றுகிறேன். பின்பக்க ஜன்னலில் ஆணியே அடித்துவிடுகிறேன். காற்றை என்ன செய்வதாம்? ஊருக்கே ஒரு மூடி போடச் சொல்லி ஆலைக்கு எழுதட்டுமா? கூழாங்கல்லை எண்ணலாம் என்று அளந்துவிட்டிருக்கிறாயே, பாலத்துக்குக் கீழே இறங்கி எண்ணச் சொல், பார்ப்போம். தோலிலிருந்து சுரண்டிய முடியும் சவ்வும் சுண்ணாம்பு நுரையும் மிதக்கும் இடத்தில் அவள் எத்தனை கல் எண்ணுகிறாள் என்று நானும் தெரிந்துகொள்கிறேன்.

அத்தான் பின்னால் சாப்பிடவேண்டும் என்கிறாய். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர் தட்டிலிருந்து எடுத்து உன் தட்டில் வைப்பார். அப்போதும் அதே கைதான். இதை அவரிடம் நான் சொல்லவில்லை, எனக்குச் சொல்லக் கூசியது. ஆனால் உன் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் அதை மடித்து உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "தம்பி சொல்றது சரிதான். பார்க்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல," என்றார். எனக்கு உன்மேல் வந்த அருவருப்பை எழுத இந்த மையே கூசும்.

தாளை அனுப்பு.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உடம்பைப் பார்த்துக்கொள். உன் கோபம் எனக்குப் புதிதில்லை, அதிலும் பாசம்தான் இருக்கிறது.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உனக்கு ஒரு சால்வை. அத்தானுக்கு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை, நல்ல பருத்தி. அந்த நான்கு நாள் மட்டும் போட்டுக்கொண்டால் போதும். எல்லோரும் சேர்ந்தே சாப்பிடலாம், உன் ஆசைப்படியே.

இன்னொன்று. ஆலை, மனு, விசாரணை எதையும் அவள் முன்னால் எடுக்காதே. அவள் தண்ணீர் சோதிக்கிறவள். இதெல்லாம் காதில் விழுந்தால் துருவித் துருவிக் கேட்பாள்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

சுகம். பார்சல் வந்தது. சால்வையைத் திருப்பி எடுத்துப்போகத் தயாராக வா. கையுறையைக் கக்கூஸ் கழுவ வைத்திருந்தேன், அத்தான் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார்.

அக்கா


மே 3

தம்பிக்கு,

நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது. இங்கே நானும் அவரும் பழையபடிதான். உன் வயிறு சரியாயிற்றா?

நான்கு நாளும் நீ ஊரைச் சுற்றிக் காட்டியதை நான் கூடவே வந்து பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, என்ன ஒரு திறமை! எந்தத் தெருவில் திரும்பினால் ஆலைப் புகைபோக்கி கண்ணில் படாது என்று பத்து வருஷம் கழித்தும் உனக்கு மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தைக் காட்டினாய், வடக்கு வாசல் வழியாக மட்டும். பாலத்தைக் காட்டினாய், மேல்பக்கக் கைப்பிடியில் மட்டும் சாய்ந்துகொண்டு. அவள் கீழ்ப்பக்கம் நகரும்போதெல்லாம் தோளைத் தொட்டு மலையைக் காட்டினாய். அந்த மலையை நீ இங்கே இருந்த காலத்தில் ஒரு நாளாவது ஏறிட்டுப் பார்த்திருப்பாயா?

ஸ்டேஷனிலிருந்து வரும்போதே அவள் கேட்டுவிட்டாள், "இது என்ன வாடை?" என்று. "ஏதோ எலி செத்துக் கிடக்குது போல," என்றாய். நான்கு நாளும், ஊர் பூராவும், அதே எலிதான் செத்துக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் வந்தது.

அவளை எனக்குப் பிடித்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். சீசாக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். பையைத் திறந்தால் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, நான்கு காலிச் சீசா இருக்கிறது. படித்துறையில் நீ நின்று, "இந்தத் தண்ணியிலதான் நான் நீச்சல் கத்துக்கிட்டேன்," என்று நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் மூன்றாம் படியில் இறங்கிக் குந்தினாள். "போற ஊர்ல எல்லாம் ஒரு சீசா எடுத்துக்குவேன், இது என் பைத்தியம்," என்று சொல்லிச் சீசாவை அலசினாள், நிரப்பினாள், முந்தானையால் துடைத்து மூடினாள். உன் முகத்தில் ஈயாடவில்லை. நீ என்னைப் பார்க்கவில்லை. நான் துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையுறைக்கு வருகிறேன். அத்தான் அதைப் போட்டுக்கொண்டார். நான் கத்தினேன். "ஆசையா அனுப்பியிருக்கான், நாலு நாள்தானே, விடு," என்றார். பருத்தி நல்ல பருத்திதான், கசிவதையெல்லாம் குடித்துவிட்டது. முதல் நாள் சாயங்காலம் கழற்றும்போது துணியோடு தோலும் சேர்ந்து வந்தது. வெந்நீரில் ஊறவைத்து ஊறவைத்துப் பிரித்தேன். மறுநாளும் போட்டுக்கொண்டார். சாப்பிடும்போது அவருடைய விரல் நுனியெல்லாம் மஞ்சளாக ஊறியிருந்ததை அவள் பார்த்தாள். "கையில என்ன?" என்று கேட்டாள். "அலர்ஜி," என்றாய் நீ. அத்தான் தலையை ஆட்டினார். அந்த நிமிஷம் என் தட்டை எடுத்து உன் மூஞ்சியில் கொட்டியிருக்கவேண்டும், கொட்டவில்லை.

நான்காம் நாள் காற்று நேராக நம் வீட்டுப் பக்கம் திரும்பியது. நீ காலையிலேயே வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டாய். சின்ன வயதில் போலவே நான் உன் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். வாய் கொப்பளித்துவிட்டுக் குழந்தை மாதிரித் தூங்கினாய். அத்தானும் அவளும் கடைத்தெருவுக்குப் போனதாக உனக்குச் சொன்னேன். கடைத்தெருவுக்குப் போகவில்லை. அவள் அவரிடம், "மாமா, அந்தக் கையுறையைக் கழட்டுங்க," என்று நேராகச் சொல்லிவிட்டாள். கழற்றினார். கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்க வேலை பார்த்தீங்களோ அங்க கூட்டிட்டுப் போங்க," என்றாள். இரண்டு பேரும் கழிவு விழும் இடத்துக்குப் போனார்கள். அங்கே கரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டி இரண்டாவது சீசாவை நிரப்பினாளாம். திரும்பி வந்து கொல்லையில் அவளும் வாந்தியெடுத்தாள். எடுத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள். ரிஜிஸ்டர் நகலை அவர் கொடுத்தார், வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

நான் மறுபடி எழுதி உன் மேஜைமேல் வைத்த தாளின்மேல் டீ டம்ளரை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நடுவில் வட்டமாகக் கறை விழுந்திருக்கிறது. வேறு தாளில் எழுதி இதோடு மூன்றாவது முறை அனுப்புகிறேன்.

அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நீங்களும் மாமாவும் நலமாக இருக்கவேண்டும் என்று மனதார நினைக்கிறேன். உங்கள் வீட்டில் நான்கு நாள் இருந்ததற்கு நன்றி சொல்லி எழுதவேண்டிய கடிதம் இது. நடுவில் வேறு மாதிரிக் கடிதமாகிவிட்டது.

இரண்டு சீசாவையும் சோதித்தேன். படித்துறைத் தண்ணீரைக் குழந்தைக்கும் கொடுக்கலாம். மற்றதில் என்னென்ன இருக்கிறது என்று தனித் தாளில் முறைப்படி எழுதி, முத்திரை வைத்து இணைத்திருக்கிறேன். அதிகாரியிடம் கொடுங்கள். அந்தச் சீசாவைத் திறக்க நான் இரண்டு ஜோடிக் கையுறை போட்டுக்கொண்டேன். அதில்தான் மாமா இடுப்பளவு நின்றிருக்கிறார், வெறும் காலோடு.

ஆனால் இது இன்றைய தண்ணீரைத்தான் சொல்லும், அந்த ஆறு வருஷத்தைச் சொல்லாது. மாமா கொடுத்த நகலில் இருந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவை படித்துறை எண்களோடு ஒட்டிப்போகின்றன. கழிவு வாய்க்கால் தண்ணீர் எந்தக் காலத்திலும் அப்படி இருந்திருக்க வழியில்லை. சீசா வேறு இடத்தில் நிரம்பியிருக்கிறது. அதை நிரப்பியவர்கள்தான் வாயைத் திறந்து சொல்லவேண்டும்.

உங்கள் தம்பியிடம் கேட்டேன். எலி என்று என்னிடம் சொன்னவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? ஆனால் இந்த முறை மறுக்கவில்லை, ஆமாம் என்றார். யார் நிரப்பியது என்று கேட்டேன். எழுந்துபோய்க் கை கழுவினார். நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். கல்யாணத்தைப் பற்றி இப்போது எதுவும் பேச எனக்கு வாய் வரவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். இந்த மாதிரிப் புண்ணுக்குத் துணி ஒட்டவே கூடாதாம், விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சீசாக்காரி
(மாமாதான் சொன்னார். பெயர் பிடித்திருக்கிறது.)


ஜூன் 1

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

ஐந்து மாதமாக எழுது எழுது என்கிறாய். மூன்று வரி எழுதுகிறேன். நான்காவது வரி என்ன என்று அதிகாரி கேட்பாரே, அதற்கு என்ன எழுத? யார் நிரப்பியது? நீ அனுப்பிய மூன்று தாளிலும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தானே எழுதியிருக்கிறாய்? "படித்துறையில் எடுக்கப்பட்டது." எடுக்கப்பட்டதாம்! தானாக நடந்துபோய் நிரம்பிக்கொண்டதா?

நீதான் நிரப்பினாய் அக்கா.

முதல் வெள்ளிக்கிழமை எனக்கு ஞாபகம் இருக்கிறது. சீசாவோடு கழிவு விழும் இடத்தில் போய் நின்றேன். குடலே வெளியே வருவதுபோல வாந்தி. சட்டையெல்லாம் நனைந்து வீட்டுக்கு வந்தேன். வேலை போய்விடும் என்று அழுதேன். "நீ போய்ப் படு, நான் கொண்டுவர்றேன்," என்று சொல்லி அழுக்குத்துணிக் கூடையில் சீசாவையும் வைத்துக்கொண்டு போனாய். பளபளவென்று துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாய். அது எங்கே எடுத்தது என்று நான் கேட்கவில்லை. சோதித்துப் பார்த்தபோது தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் ரிஜிஸ்டரைப் பார்த்து முதுகில் தட்டினார். அடுத்த மாதம் வேலையை நிரந்தரமாக்கினார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் வியாழக்கிழமையே காலிச் சீசாவை உன் கூடையில் நானே வைத்தேன். தெரிந்தே வைத்தேன்.

நான் எழுதாமல் இருப்பது உன்னைக் காப்பாற்றத்தான் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

அத்தானுக்கு இது தெரியுமா?

தம்பி


ஜூன் 10

தம்பிக்கு,

சாப்பிட்டாயா? நான் சாப்பிட்டேன். எழுதத் தெம்பு வேண்டுமே.

நீ எழுதியதெல்லாம் சரி. ஒன்றை மட்டும் நான் சேர்க்கவேண்டும். முதல் வருஷம் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சீசா உனக்கு வைக்கிற பரீட்சை என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு உனக்குச் சலவைச் சட்டை போட்டு அனுப்பினேனே, அதே மாதிரி நல்ல தண்ணீராகப் பார்த்து எடுத்தேன். கலங்கல் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக எடுப்பேன். என் தம்பி அழுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அப்படி ஒரு மண்டூகம் நான்.

இரண்டாம் வருஷம் அத்தானின் கால் வெடித்தது. "அந்தத் தண்ணியில ஏதோ இருக்குது, இறங்காதீங்க," என்று சொன்னேன். அவர் சிரித்தார். "தண்ணி நல்ல தண்ணிதானாம். நம்ம தம்பியே சோதிச்சு எழுதியிருக்கான். என் தோல்தான் மட்டமான தோல்," என்றார்.

அந்தச் சீசா எதற்கு என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது தம்பி. அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு வியாழக்கிழமை. மறுநாள் காலையில் கூடையை எடுத்தேன், உள்ளே சீசா இருந்தது. எடுத்துக்கொண்டு படித்துறைக்குத்தான் போனேன். உனக்கு வெளியூர் வேலைக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள், இவன் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். அந்தக் கொஞ்ச நாள் நான்கு வருஷமானது. காலையில் அவர் இறங்குகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீர் என்று நற்சாட்சி கொடுத்துவிட்டு, சாயங்காலம் அவருடைய காலுக்கு எண்ணெய் தடவினேன். உன்மேல் அருவருப்பு என்று பக்கம் பக்கமாக எழுதினேனே, அதில் பாதியை என்மேல் துப்பியிருக்கவேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை அவரிடம் சொன்னேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை, என் வாயாலேயே சொன்னேன். முழுதும் கேட்டார். "நாலு வருஷமும் தெரிஞ்சேதான் எடுத்தியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தெரிஞ்சேதான்," என்றேன். எழுந்து வெளியே போய் நின்றார்.

ஆறு மணிக்கு நான் களிம்பு டப்பாவைத் தேடினேன், அலமாரியில் இல்லை. அதை அவர் எடுத்துக்கொண்டுபோய் எதிர்வீட்டுத் தையற்காரியிடம் மூடியைத் திறந்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவள் வாசலில் உட்கார்ந்து தானே தடவிக்கொண்டார். ஒரு கைக்குத் தடவ இன்னொரு கை மடங்காது, டப்பாவைத் தரையில் வைத்து அதில் கையைத் தேய்த்தார். இங்கேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நாளாக அப்படித்தான் நடக்கிறது. என்னோடு பேச்சில்லை.

நீ எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. அதிகாரியிடம் நான் சொல்லப்போகிறேன்.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பையும் அத்தான் உடம்பையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

தாளில் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். நான்காவது வரியையும் நானே சேர்த்துவிட்டேன். சீசாவை ஒவ்வொரு வாரமும் நானேதான் படித்துறையில் நிரப்பினேன் என்று எழுதியிருக்கிறேன். உன் பெயர் எங்கும் இல்லை. நீ எதுவும் சொல்லவேண்டாம். எனக்கு இதையாவது செய்ய விடு.

இனி இங்கே என் வேலை இருக்குமா தெரியவில்லை. அவளிடமும் தாளைக் காட்டினேன். படித்துவிட்டு, "நாலாவது வரி உண்மையா?" என்று கேட்டாள். தாளை மடித்து உறைக்குள் போட்டேன்.

தம்பி


ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அத்தான் எப்படி இருக்கிறார் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். வேலை இருக்கிறதா? வயிறு?

உன் தாள் வந்தது. நான்காவது வரியை அடித்துவிட்டு அதன்மேல் என் பெயரை எழுதி, சீசாக்காரியின் தாளோடு சேர்த்து அதிகாரியிடம் கொடுத்தேன். நீ போட்ட கையெழுத்து அப்படியே இருக்கிறது. காப்பாற்றுகிறேன் என்று இன்னொரு பொய்யைக் கொண்டுவராதே. எனக்கு அந்த வாடை பழகிவிட்டது, தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அதிகாரி நல்ல உயரம், புதுச் செருப்பு. இரண்டு தரம் படித்தார். "இடத்தைக் காட்ட முடியுமா?" என்று கேட்டார். காட்டினேன். நீ உன் தோழிக்கு ஊரைச் சுற்றிக் காட்டினாய் அல்லவா, நான் அவருக்குக் காட்டினேன். நீ போன தெருக்களிலேயே போனேன், ஒரு திருப்பத்தைக்கூட விடாமல். படித்துறைக்குக் கூட்டிப்போய் மூன்றாம் படியில் இறங்கி, "இங்க குந்தித்தான் எடுப்பேன், இந்தக் கல்லு மேலதான் துடைச்சு வைப்பேன்," என்றேன். பிறகு பாலத்தைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் கூட்டிப்போனேன். பதினொரு பேரும் பின்னால் வந்தார்கள். அத்தான் எல்லோருக்கும் கடைசியில் வந்தார்.

கழிவு விழும் இடத்துக்கு நூறு அடி இருக்கும்போதே அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். ஆலை வாசலில் நின்ற உன் பழைய சூப்பர்வைசர், "இன்னைக்குக் காத்து சரியில்லை," என்றார். "எலி செத்திருக்கும்," என்றேன் நான். அவருக்குப் புரியவில்லை.

அதிகாரி பையிலிருந்து சீசாவை எடுத்து அவருடைய உதவியாளிடம் நீட்டினார். அந்த ஆள் வாய்க்காலைப் பார்த்தான், சீசாவைப் பார்த்தான், நகரவில்லை. "குடுங்க, எனக்குப் பழக்கம்தான்," என்று நான் வாங்கினேன். சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். கணுக்கால்வரை போனதும் சுரீர் என்று எரிந்தது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை தம்பி, அதற்குள் அப்படி எரிந்தது. அவர் ஆறு வருஷம் நின்றார். சீசாவை அமிழ்த்தினேன், கொழகொழவென்று ஏறியது. பாதி ஏறும்போதே மற்றக் கையில் இருந்த மூடி வழுக்கப் பார்த்தது. யாரோ என் பக்கத்தில் இறங்கி நிற்பது தெரிந்தது. "மூடியைக் குடு," என்றார் அத்தான். ஒரு மாதத்துக்கு அப்புறம் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. உள்ளங்கையில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் நிரப்பி முடித்ததும் நீட்டினார். நான்தான் திருகினேன்.

முடிவு வர இரண்டு மாதம் ஆகுமாம். என்ன வருமோ தெரியாது. என்மேல் என்ன எழுதுவார்களோ, அதுவும் தெரியாது. வரட்டும்.

அன்று சாயங்காலம் டப்பாவை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். மூடி திறக்காமல் இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினார். தடவினேன். மன்னித்துவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். தையற்காரி ஊருக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வந்தபிறகு தெரியும்.

நீ ஒரு நடை வா. தோழியை அழைத்துவருவது அவள் விருப்பம், வெள்ளை அடிக்கமாட்டேன். இந்த முறை ஊரை நான் காட்டுகிறேன். வாந்தி வந்தால் எடு, நெற்றியைப் பிடித்துக்கொள்கிறேன். சீசாவை மட்டும் நீதான் நிரப்பவேண்டும்.

உன் அக்கா